ரெண்டு ரூமுக்கு ஒரு ஹெல்த் லைசென்ஸ்

வீட்டில் ரூம் கட்டி வாடகைக்கு விடும் தொழிலில் கட்டில், மெத்தை, போர்வை எல்லாம் அப்புறம். இங்கே தங்கினால் யாருக்கும் வயிற்றால் போகாது என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கும் காகிதம்தான் முதலில் வேண்டும். அதற்காகப் பஞ்சாயத்து ஆபீசுக்குச் செருப்புத் தேய நடந்த என் இனத்தவர்களே, கேரள எல்லையோரத்து எருத்தேன்பதியிலிருந்து உங்களுக்கு ஒரு கும்பிடு.

எங்கள் தோப்பில் தேங்காய் போட்டு வைத்திருந்த சாளைக் கொட்டகையை நான்தான் பிடிவாதமாக நின்று ரெண்டு ரூமாக்கினேன். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. ஓணத்துக்குள் லைசென்ஸ் வராவிட்டால் ரூமுக்குள் மறுபடியும் தேங்காயைக் கொட்டிவிடுவேன் என்றார். சொன்னால் செய்கிற ஆள். ஓணத்துக்கு வருவதாகச் சென்னைக் குடும்பம் ஒன்று ஏற்கெனவே என்னிடம் ரெண்டு ரூமும் கேட்டு வைத்திருந்தது.

விருந்தாளித் தண்ணீர்

தண்ணீரைச் சோதித்து ரிப்போர்ட் வாங்க வேண்டும் என்றார்கள். லேபில் கொடுத்த பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கும் வேலையை என் வீட்டுக்காரரிடம் விட்டேன். அது என் புத்தி. ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது, குடிக்க லாயக்கில்லை என்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன மாதம்தான் பழைய போருக்குப் புதுக் குழாய் இறக்கியிருந்தோம்.

துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். மாமனாருக்கும், வருகிற விருந்தாளிக்கும் பக்கத்து மேற்குத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் சேந்தி வந்து கொடுப்பது வழக்கம். மனிதர் அந்த வழக்கப்படியே பாட்டிலையும் நிரப்பிவிட்டார். நான் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஆபீசர்ங்க குடிச்சுப் பாப்பாங்கன்னு நெனச்சேன் புள்ள. அவுங்களுக்குப் போயி நம்ம உப்புத் தண்ணியக் குடுக்கறதா?"

கிணற்றுக்காரி

எங்கள் போர் தண்ணீரை நானே பிடித்துக்கொண்டு போனேன், பாஸாகிவிட்டது. ஆனால் பழைய ரிப்போர்ட் விவகாரம் மேற்குத் தோட்டத்து அக்கா காதுக்கு எப்படியோ போய்விட்டது. கிணற்றுக்குக் குளோரின் போடுங்கள் அக்கா என்று நல்ல மனதோடுதான் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "எங்க தண்ணியக் குடிச்சுத்தானே உங்க மாமனாரு இந்த வயசுலயும் ஊரையே திட்டீட்டிருக்காரு, அதுல என்னங்க கொறை?"

வேலைக்காரர்

வேலை செய்கிறவர்களுக்கு ஹெல்த் கார்டு வேண்டுமாம். எங்களிடம் வேலைக்கு இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில் ஊசிக்கு வரிசையில் நின்றோம். தங்கும் விடுதியில் உங்களுக்கு என்ன வேலை என்று நர்ஸ் அவரைக் கேட்டார். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவிய என்ன சொல்றாங்களோ அதுதானுங்க."

கொட்டாங்குச்சி

இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், மலையாளம் பாதி, தமிழ் பாதி. நான் சுற்றிக் காட்டுவதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். எனக்கு உதவத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். "ராத்திரியில கொசு ஆளையே தூக்கீட்டுப் போயிருமுங்க" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

கொசு எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பெண் தேடிப் போனார். தேங்காயைச் சாளையிலிருந்து வெளியேற்றிய கோபத்தில் மாமனார் ரூமுக்குப் பின்னாலேயே கொட்டாங்குச்சிகளைக் குவித்து வைத்திருந்தார். மழைத் தண்ணீர் தேங்கி ஒவ்வொன்றிலும் புழு நெளிந்தது. இதை எடுத்தால்தான் லைசென்ஸ் என்று எனக்குச் சொல்லிவிட்டு, மாமனார் பக்கம் திரும்பினார்: "அப்பா, ரூமுக்கு ஒரு குழப்பமும் இல்லா. கொசுவை வளர்த்தறது உங்க சிரட்டையாக்கும்."

முதல் ஆள்

தன் களத்தில் ஒரு சின்னப் பெண் குறை கண்டுபிடித்ததை மாமனாரால் தாங்க முடியவில்லை. யாரையும் தொடவிடாமல், முணுமுணுத்துக்கொண்டே மொத்தக் குவியலையும் தானே அள்ளிப் போட்டார். மறுபடி வந்து பார்த்த இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஓணத்துக்கு முன்னாலேயே லைசென்ஸ் வந்தது. கையில் வாங்கியபோது நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினேன். மாமனார் அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி ரொம்ப நேரம் படித்தார்.

சென்னைக்காரர்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஒரு ரூமைத் திறந்து விட்டேன். இன்னொன்று உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் மாமனார், புது மெத்தையில், புதுப் போர்வைக்குள். மாமா, விருந்தாளி வந்தாச்சுங்க என்று கெஞ்சினேன். அவர் எழுந்திருக்கவில்லை: "சர்க்காரே பாத்து நல்லதுன்னு எழுதிக் குடுத்த ரூமு அம்மிணி. இதுல நாம படுக்காம ஊரான் படுக்கறதா?"

ஆக, லைசென்ஸ் ரெண்டு ரூமுக்கு உண்டு, காலி ஒன்றுதான். இன்னொன்றில் இருப்பவரைக் கிளப்ப எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.