மீன் குழம்புக்கு அடியில் போன பட்டன்

ஈரச் செருப்பு வாடை, யாரோ மடியில் வைத்திருந்த பிரியாணிப் பொட்டலம், ஏசி என்ற பெயரில் சத்தம் மட்டும் போடும் ஒரு பெட்டி... லிட்டில் இந்தியா பிரவுசிங் சென்டர் என்றால் எனக்கு இன்னமும் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். அங்கே ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்காமல் நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள்.

நான் சிங்கப்பூருக்கு வந்த புதிது. சின்ன வெப் டிசைன் கம்பெனியில் வேலை. என்னை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் கிளையன்ட், செல்வி அக்கா. பூன் லே, மார்சிலிங் பக்கம் விடுதிகளில் தங்கியிருக்கும் நம்ம ஊர் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புபவர். போனில் ஆர்டர் எடுத்து எடுத்துத் தொண்டை கட்டிப்போய், "ஒரு வெப்சைட் போட்டுக் குடு ஜெனி" என்றார்.

போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவே போட்டேன்!

வெப் பக்கத்தில் படப் பெட்டிகளை வரிசையாக நிறுத்த, பக்க அலங்காரத்துக்கான ஸ்டைல் மொழியில் அப்போதுதான் ஒரு புது வசதி வந்திருந்தது. அதுவரை பாடாய்ப் பட்டுச் செய்த வேலை, இரண்டே வரியில் முடிந்தது. சாம்பார், கோழி, மீன் குழம்பு... படங்கள் எல்லாம் பந்தியில் இலை போட்ட மாதிரி நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் ஞாயிறு. சர்ச்சில் சாயங்காலத் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வருகிறேன், செல்வி அக்கா போன்.

"ஜெனி, ஆர்டரே வரல லா. ஏழு மணிக்குள்ள கணக்குத் தெரியலன்னா நான் எப்படிச் சமைக்கிறது? நாளைக்கு எல்லாரும் வேலை சைட்ல பட்டினியா நிக்கணுமா?"

"என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான்க்கா வருது!"

"அப்ப உன் கம்ப்யூட்டருக்கே சோறு அனுப்பவா?"

சுருக்கென்று குத்தியது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனாலும் அன்றைக்குப் போனை வைத்த கையோடு எம்ஆர்டி ரயிலைப் பிடித்து லிட்டில் இந்தியாவுக்கு ஓடினேன்.

ஞாயிறு லீவில் ஆட்கள் பலர் ஆர்டர் போட வரும் பிரவுசிங் சென்டர் வாசலிலேயே அக்கா நின்றிருந்தார். உள்ளே அந்தோணி அண்ணன், ஷிப்யார்டில் வெல்டர், தூத்துக்குடிக்காரர், தங்கியிருப்பது பூன் லே விடுதியில். "நானும் அமுக்குறேன், அமுக்குறேன்... ஒண்ணும் நடக்கலையே தங்கச்சி" என்றார்.

எட்டிப் பார்த்தேன். அடக் கடவுளே! அந்தக் கடையின் பழைய பிரவுசருக்கு என் புது வசதி புரியவே இல்லை. படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆர்டர் பட்டன் மீன் குழம்புக்கு அடியில் போய்விட்டது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் வேறு பிரவுசர். அதில் பட்டன் தெரிந்தது, சாப்பாட்டின் பெயரைக் காணோம்.

"இங்க இருக்கிறவங்கள வாயால கேட்டுக்கலாம். பூன் லேல இருக்கிறவங்கள யாரு போய்க் கேக்கிறது?" என்றார் அக்கா. மணி ஆறைத் தாண்டியிருந்தது.

அந்தோணி அண்ணன் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். வீட்டுக்குப் பேச வெகுநேரம் காத்திருந்து கிடைத்த இடம் அது.

"நீ உக்காரும்மா. எம்பொண்டாட்டி எங்கயும் ஓடிப் போயிட மாட்டா."

படம், கலர், வரிசை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். வெறும் பெயர்கள், கீழே ஒரு பட்டன். பார்க்கச் சகிக்கவில்லை.

"எல்லாரும் ஒரு தடவை திறந்து பாருங்கண்ணே!"

"எனக்கு வந்துருச்சு!"

"எனக்கும்!"

"இங்க வரல... இரு, இரு... வந்துருச்சு, வந்துருச்சு!"

ஆர்டர் எஸ்எம்எஸ் வந்து அக்காவின் போன் சிணுங்க ஆரம்பித்தது. மார்சிலிங், பூன் லே, திரும்பவும் பூன் லே... ஏழு மணி வரை நிற்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன.

அப்புறம் பல ஞாயிறுகள் அந்தக் கடைதான் எனக்கு டெஸ்டிங் லேப். அடியில் எல்லாப் பிரவுசரிலும் ஓடுகிற எளிய பக்கம். அலங்காரம், அது புரிகிற பிரவுசருக்கு மட்டும். ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டுக் குரல் கொடுப்பேன், கடையே பதில் குரல் கொடுக்கும். "போன வாரப் பச்சைக் கலரே தேவல" என்று குறை வேறு சொல்வார்கள்!

இப்போது அந்தக் கடை இல்லை. புது ஸ்டைல் வசதி ஒன்று வந்தால் பெரிய பிரவுசர்கள் எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே கற்றுக்கொண்டுவிடுகின்றன. அன்று மண்டையை உடைத்துக்கொண்ட வேலை இன்று டீ ஆறுவதற்குள் முடிகிறது. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் மேல் பொறாமையெல்லாம் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் என்ன... டெஸ்ட் செய்யும்போது அறை அமைதியாக இருக்கிறது.

போன மாதம் செல்வி அக்காவின் பக்கத்தை முழுக்கப் புதுப்பித்தேன். எல்லாம் சரியாக இருந்தும் மனசு கேட்கவில்லை. இன்னமும் பூன் லேயில் இருக்கும் அந்தோணி அண்ணனுக்கு லிங்க் அனுப்பி, "பழைய போன் யார்ட்டயாவது இருந்தா பாருங்கண்ணே" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"ரூம்ல எல்லார் போன்லயும் பாத்தாச்சு தங்கச்சி. புதுசா வந்த ஆளு ஒருத்தர் போனு ரொம்பப் பழசு. அதுல கலரும் வரல, படமும் ஒழுங்கா நிக்கல. ஆனா ஆர்டர் போகுது. நாளைக்குக் கோழி சொல்லிட்டாரு."