பேசும் நண்டும் செவ்வாய்க்கிழமையும்

இன்று மண்டபத்தில் இராமேஸ்வரம் பேருந்து ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் கைபேசியில் கதை படித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால், என் கதை.

சிறுவயதில் நாம் எல்லோரும் படித்த புதையல் வேட்டைதான். அதில் மாயம் கலந்து, பாம்பன் பெண் ஒருத்தியை நாயகியாக்கி இணையத்தில் எழுதி வருகிறேனே, அதேதான்.

“கதை எப்படிம்மா இருக்கு?” என்றேன், யாரோ போல.

“நண்டு பேசுது, கப்பல் பறக்குது, எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா செவ்வாக்கிழமை கொள்ளக்காரன் விசைப்படகுல வந்து அந்தப் புள்ளையோட நாட்டுப்படகை மடக்குறானாம். அதை எப்படி நம்புறது?”

“ஏன்?”

“எங்க கடல்ல விசைப்படகுக்குத் தனிக் கிழமை, நாட்டுப்படகுக்குத் தனிக் கிழமைக்கா. செவ்வாக்கிழமை நாட்டுப்படகு நாளு. விசைப்படகு அன்னைக்குக் கடலுக்கே போகாது. மீறி வந்தா, நாட்டுப்படகு வச்சிருக்க எங்க அய்யா சும்மா இருப்பாகளா? அங்கன இருக்க அம்புட்டு நாட்டுப்படகும் சேந்து வளைச்சுரும். இத எழுதுனவுகளுக்குக் கடலே தெரியாது போல.”

“ஆமாம்மா” என்று நானும் தலையாட்டினேன்.

நாயகியைத் தப்பிக்க வைக்க வழி தெரியாமல் மூன்று வாரமாக முழித்துக்கொண்டிருந்தேன். பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் வழி கிடைத்துவிட்டது.

சற்று முன் புது அத்தியாயம் போட்டாயிற்று. நாட்டுப்படகுகள் சூழ்ந்து கொள்ளைக்காரனைப் பிடித்துவிட்டன. மந்திரத்துக்கு வேலையே இல்லை. நண்டுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

ஒரே ஒரு சந்தேகம். பறக்கும் கப்பலுக்கு எந்தக் கிழமை? விவரம் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.