ஐந்து லிட்டர் கேன் எத்தனை பேரைத் தாங்கும்?

"அந்த கேன் என்னையே தாங்கியிருக்காதே நைனா… அப்போ நான் எப்பிடி மெதந்தேன்?"

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் பையைத் தோளிலிருந்து இறக்காமலே என் மகள் கேட்ட கேள்வி இது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கையில் ரஃப் நோட்டு. நான் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் பதிலைத் தயார் செய்து வைக்கவில்லை. அப்பாக்கள் அப்படித்தான் போலிருக்கிறது.

உங்களுக்கு ஒரு விளக்கம் பாக்கி இருக்கிறது. கடந்த சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு நெரிசல், ஆன்லைனில் செருப்பு வாங்கி இரண்டும் இடது காலுக்கே வந்த கதை என்று எதையோ எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். "என்ன சார், சுரத்தே இல்லையே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காரணம் இருந்தது. எழுதக் கை வரவில்லை. இப்போதும் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். படித்துப் பார்த்து இரண்டு வரிகளை அடித்துவிட்டு, "மிச்சம் இருக்கட்டும்" என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு தோழி. வீட்டில் பாப்பு என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் போதும். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்ச். பாப்புவின் அப்பாவுக்கு அனந்தபுரம் போகிற வழியில் நிலம் இருக்கிறது. நிலத்தில் பெரிய கிணறு. இந்த முறை நல்ல மழை. கிணறு மேல்படி வரைக்கும் நிறைந்து நின்றது. பாப்புவுக்கு ஓரளவு நீச்சல் தெரியும். என் மகளுக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு மாதம் நச்சரித்தாள்.

நான் யார் என்று உங்களுக்குத்தான் தெரியுமே… பாத்ரூம் வழுக்கும் என்று மேட் வாங்கிப் போட்டு, மேட் தடுக்கிவிடும் என்று அதையும் எடுத்தவன். ஒரு நிபந்தனையோடு சம்மதித்தேன். கேன் கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் நீச்சல் பழகுவது இப்படித்தான். காலி எண்ணெய் கேனை எடுத்து, மூடியை இறுக்கி, கயிறு போட்டு முதுகில் கட்டிவிடுவார்கள். நானே கட்டினேன். ஐந்து லிட்டர் கேன். மூன்று முடிச்சு. சந்தேகத்துக்கு இன்னொன்று.

"நைனா, மூச்சு முட்டுது! இது கேனா, கேஸ் சிலிண்டரா?" என்றாள் மகள்.

"அங்கிள், இவள பார்சல் பண்ணி எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?" என்றாள் பாப்பு. படியில் உட்கார்ந்து, காலால் தண்ணீரை அடித்துக்கொண்டே சிரித்தாள்.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.

பாப்புவின் அப்பா பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "நான் இருக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க சார்" என்றார். பஜாரில் ஒரு வேலை. அரை மணி நேரம் ஆகும். கிளம்பினேன்.

நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நடுக்கிணற்றில் நீந்தும்போது பாப்புவுக்குக் காலில் நரம்பு இழுத்துக்கொண்டது. என் மகள் கத்தினாள். பாப்புவின் அப்பா ஓடிவந்து, சட்டையோடு குதித்து, மூழ்கி மூழ்கித் தேடினார். தூக்கி வந்து படியில் போடும்போது நேரம் கடந்துவிட்டிருந்தது. என் மகள் முதுகில் கேனோடு மிதந்துகொண்டிருந்தாள். என்னுடைய நான்கு முடிச்சில் ஒன்றுகூட இளகவில்லை.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. சாப்பிட்டாள், ஹோம்வொர்க் செய்தாள், தலை பின்னிக்கொண்டாள். தூக்கம் மட்டும் வரவில்லை.

நான் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ். பிழைப்பு வேறு எதிலோ என்றாலும், நிலா ஏன் பூமியில் வந்து விழுவதில்லை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். உண்மையில் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பூமி இழுக்கிறது, நிலா விழுகிறது. பக்கவாட்டில் ஓடுகிற வேகமும் சேர்ந்துகொள்வதால், எவ்வளவு விழுந்தாலும் வந்து சேர முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றுப்பாதை என்பது அவ்வளவுதான்.

அந்த நாட்களில் நானும் அப்படித்தான் இருந்தேன். அவள் போகிற ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போவேன். மதிய இடைவேளையில் ஸ்கூல் கேட்டுக்கு எதிரே டீ குடிப்பேன். ஒரு நாள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், "நைனா, நீ இன்னா சேட்டிலைட்டா? பொண்ணுங்கல்லாம் சிரிக்குது" என்றாள்.

சுற்றினேனே தவிர, கிட்டே போய் உட்கார்ந்து, "கிணத்துல இன்னாம்மா நடந்துது?" என்று ஒரு தடவை கேட்டேனா? இல்லை. பயம்.

ஒரு வாரம் போனது. திடீரென்று நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள். காலையில் எழுப்ப வேண்டியிருந்தது! எனக்கும் என் மனைவிக்கும் அப்படி ஒரு நிம்மதி. என்ன காரணம் என்று அவளுடைய ரஃப் நோட்டுக்கு அட்டை போட எடுத்தபோதுதான் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு.

கேன் 5 லிட்டர் = 5 கிலோ தாங்கும்.
நான் 41 கிலோ.
பாப்பு 38 கிலோ.
மொத்தம் 79 கிலோ.
தாங்காது.

'தாங்காது' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

பாப்புவையும் சேர்த்து அந்த கேன் காப்பாற்றியிருக்குமா என்று தனியாக உட்கார்ந்து தன்னையே கேட்டிருக்கிறாள். காப்பாற்றியிருக்காது என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஆனால் கணக்கு தப்பு.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஐந்து கிலோதான் தாங்கும் என்றால், நாற்பத்தொரு கிலோ இருக்கிற இவளையே தாங்கியிருக்காதே? தண்ணீரை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. நாம் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறோமோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் நம்மை மேலே தள்ளுகிறது. மனித உடம்பும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே கனம். அதனால் கழுத்துக்குக் கீழே இருப்பதை எல்லாம் கிணறே தூக்கிக்கொள்கிறது. கேன் சுமக்க வேண்டியது வெளியே தெரிகிற முகத்தை மட்டும்தான். ஒரு முகத்துக்கு இரண்டு கிலோ என்று வைத்துக்கொண்டால்கூட…

இரண்டு முகங்களைத் தாங்கும்.

ஐஸ்கிரீம் கடை போர்டில் ஒற்றுப்பிழை இருந்தால்கூட உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிற ஆள் நான். மகளின் நோட்டில் சிவப்புப் பேனாவால் திருத்தாத பக்கமே கிடையாது. அன்றைக்கும் பேனாவைத் திறந்தேன். திரும்ப மூடினேன். மனைவியிடம் காட்டினேன்.

"தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது. புள்ள தூங்குது இல்ல? சும்மா வுடுங்க" என்றாள்.

விட்டுவிட்டேன். நோட்டுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதி, அலமாரியில் வைத்தேன்.

ஆனால் பாடப்புத்தகம் சும்மா விடுமா? போன வெள்ளிக்கிழமை அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார் டீச்சர். போர்டில் 'மிதப்பு விசை' என்று எழுதியதும் வகுப்பே சிரித்திருக்கிறது. எங்கள் ஊரில் மிதப்பு என்றால் தலைக்கனம். "உனுக்கு ரொம்ப மெதப்புடி" என்று சொல்லாமல் இங்கே ஒரு சண்டையும் முடியாது. டீச்சரும் சிரித்துவிட்டு, தண்ணீர் எப்படி எடையைத் தாங்குகிறது என்று விளக்கியிருக்கிறார். ஒருத்தி மட்டும் சிரிக்காமல் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்படித்தான் அந்தக் கேள்வி சமையல்கட்டுக்கு வந்தது.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா நைனா?"

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்துக்கு சொல்லல? ஒரு கமா வுட்டாகூட ரெட் இங்க்ல சுழிப்பியே!"

நான் அடுப்பின் குமிழைத் திருகி மூடினேன்.

"அப்போ… ரெண்டு பேரையும் தாங்கியிருக்கும்."

இது கேள்வி இல்லை. ஆனாலும் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த ஃபிசிக்ஸை வைத்து அவளை நன்றாகவே குழப்பியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"தாங்கும்மா" என்றேன். "ரெண்டு பேரும் கட்டை மாதிரி அசையாம, மூஞ்சி மட்டும் வெளிய தெரியற மாதிரி கெடந்திருந்தா தாங்கும். ஆனா முழுவறவங்க எப்பிடி அப்பிடி கெடப்பாங்க? கையத் தூக்குவாங்க. தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் கைக்குக் கனமே இல்ல. வெளிய தூக்கினா ஒவ்வொரு கையும் ரெண்டு கிலோ. ரெண்டு பேரு, நாலு கை… கணக்கு அங்கயே முழுவிடும். ரெண்டும் கொழந்தைங்க. அசையாம இருன்னு யாரு சொல்ல முடியும்?"

அவள் பையை இறக்கித் தரையில் வைத்தாள்.

"அவ என் கையப் புடிச்சா நைனா. நான் உள்ள போய்ட்டேன். மூக்கெல்லாம் தண்ணி. நான்… நான் அவள ஒதைச்சுட்டேன்."

பிறகு அழுதாள். கிணற்றிலிருந்து வந்த நாளாக அழாததையெல்லாம் அழுதாள். சிந்தின பாலில் உட்கார்ந்து நானும் அழுதேன். கோயிலிலிருந்து திரும்பிய என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, எதுவும் கேட்காமல் கூடவே உட்கார்ந்தாள்.

ஒன்று புரிந்தது. 'தாங்காது' என்ற அந்த விடை அவளைத் தூங்க வைத்தது உண்மை. கூடவே அவள் வாயையும் அடைத்து வைத்திருந்தது. எழுபத்தொன்பது கிலோவைத் தாங்காத கேன் என்றால், உதைத்ததைப் பற்றி யாரிடமும் பேச வேண்டியதே இல்லையே! அவள்மேல் உள்ள பிரியத்தால்தான் திருத்தவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதிக்குமேல் என் பயம். என்ன நடந்தது என்று கேட்காமலே தப்பித்துக்கொள்ள எனக்கும் அந்தக் கணக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் காலையில், "பாப்பு அம்மாகிட்ட சொல்லணும்" என்றாள்.

"ஐயோ, வேணாம்மா. அவங்க தாங்க மாட்டாங்கடி" என்றாள் என் மனைவி.

"தெரியாம இருந்தா மட்டும் தாங்குறாங்களா?"



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாப்பு வீட்டார் சமணர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் எதுவும் சாப்பிட மாட்டார்கள். நாங்கள் போன நேரம் தட்டுகள் வைத்தாகிவிட்டது. பாப்புவின் அம்மா என் மகளைப் பார்த்ததும், "வாடி கண்ணு… எத்தினி நாளாச்சு. வெளிச்சம் இருக்கும்போதே ஒரு வாய் சாப்டுடு, வா" என்று இன்னொரு தட்டை எடுக்கப் போனார்.

"ஆன்ட்டி, நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். நின்றபடியே, ஒன்றையும் விடாமல் சொன்னாள். உதைத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் அடங்கிப்போனது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்புவின் அப்பா கையில் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றார். 'வெளியே போங்கள்' என்று சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனத்துக்குள் தயாராகிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா எடுத்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"உன் கையப் புடிச்சாளா?"

"புடிச்சா ஆன்ட்டி."

"எங்க புடிச்சா?"

மகள் இடது கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே தொட்டுக் காட்டினாள். "இங்க."

அந்த அம்மா கிட்டே வந்து, அதே இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"இறுக்கமாப் புடிச்சாளா?"

"ரொம்ப இறுக்கமா, ஆன்ட்டி."

அவர் விரல்கள் இன்னும் இறுகின. அப்படியே தரையில் உட்கார்ந்தார். கூடவே என் மகளும் உட்கார்ந்தாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. "ஏம்மா… பொழுது போவுது. ஒரு வாய் சாப்டு" என்றார் பாப்புவின் அப்பா. இரண்டு தடவை சொன்னார். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

பொழுது சாய்ந்துவிட்டது. அந்த அம்மா பிடியை விடவில்லை… என் மகளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.