எழுபது வளைவும் என் மஞ்சள் க்ரேயானும்

2006-ஆம் வருடம், ஐப்பசி மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு வாரம். இடம், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் ரோடு. எழுபது கொண்டை ஊசி வளைவு. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது பெரிய அழகு. அதே ரோட்டில் மூன்று நாளாக ஏறி ஏறி இறங்கிய என்னைக் கேட்டால் அழகு என்ற பேச்சையே எடுக்க மாட்டேன்.

நான் அப்போது வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். இரண்டு வருடம் கெஞ்சியும் சண்டை போட்டும், ரோட்டுச் சோதனைக்கு என்னையும் அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிய முதல் வாய்ப்பு அது. சொதப்பினால் திரும்ப மேஜை வேலைக்குத்தான் போக வேண்டும் என்பதை என் மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தார்.

சோதனை இதுதான். இரண்டு ஜீப் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். பின் ஜீப்பின் முகப்பில் ஒரு பெட்டி. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் உள்ள தூரத்தை அது அளக்கும். ரொம்ப நெருங்கினால் குட்டிக் குட்டியாகக் கத்தும், ரொம்ப விலகினால் நீளமாகக் கத்தும், இடைவெளி சரியாக இருந்தால் பச்சை விளக்கு. வருங்காலத்தில் லாரிகள் வரிசையாக, இடைவெளி மாறாமல், தானாகவே போகும் என்று மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டினார்கள். கொல்லிமலையில் வேலை செய்தால் எந்த ஊரிலும் வேலை செய்யும் என்பது மேலதிகாரியின் யோசனை. அவர் வரவில்லை.

முன் ஜீப்பை எங்கள் கம்பெனி டிரைவர் ஓட்டினார். பின் ஜீப் சேந்தமங்கலத்தில் வாடகைக்கு எடுத்தது. அதை ஓட்டியவரை ஊரே பாய் என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். நாற்பது வயது இருக்கும். மடியில் லேப்டாப்போடு நான் அவர் பக்கத்தில்.

முதல் இரண்டு நாள் பெட்டி என் உயிரை வாங்கியது. ஒவ்வொரு வளைவிலும் முன் ஜீப் திரும்பி மறைந்துவிடும். பெட்டி எதிரில் இருக்கும் பாறையைப் பார்த்துக் கத்தும். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்துக்கூட ஒரு தடவை கத்தியது. எழுபது வளைவு, எழுபது கத்தல். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு குறிப்பு எழுதினேன்.

அதைவிடப் பெரிய தொல்லை பாய். மலை ரோட்டில் ஓடும் வண்டிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏற்றத்தில் நிறுத்த வேண்டி வந்தால், வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பார்கள். காரியம் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல் அங்கேயே கிடக்கும். வளைவுக்கு வளைவு இப்படி யாரோ விட்டுப் போன கற்கள். பாய் கண்ணில் ஒன்று பட்டால் போதும், வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, கல்லை உருட்டி ஓரத்தில் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்து ஏறுவார். அதற்குள் முன் ஜீப் மூன்று வளைவு தாண்டியிருக்கும். பெட்டி நீளமாக ஊளையிடும். இடைவெளி அறுந்தால் அந்த ஓட்டம் செல்லாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்குத் தேவை இடையில் அறுபடாத ஒரே ஒரு ஓட்டம். அது மட்டும் கிடைக்கவே இல்லை.

மூன்றாம் நாள்தான் கடைசி நாள். காலையில் ஏறும்போது, இருபதாவது வளைவு தாண்டி, பெட்டியின் ஒயர் கழன்றுவிட்டது. நடு ஏற்றத்தில் நிறுத்தினோம். பாய் ஒரு பெரிய கல்லைத் தேடிக் கொண்டுவந்து வலது பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பஸ் வந்தால் மற்ற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகலான ரோடு. ஒயரை மாட்டி முடித்ததும், ஓட்டம் இங்கிருந்து தொடங்குகிறது என்று அடையாளம் வைக்க நினைத்தேன். டயரில் குறி போடுகிற மஞ்சள் க்ரேயான் கையில் இருந்தது. ரோடு ஈரமாக இருந்ததால் தாரில் ஒட்டவில்லை. அது ஆறாவது ஓட்டம் என்பதால் அந்தக் கல்லின் மேலேயே 6 என்று பெரிதாக எழுதினேன்.

வண்டி நகர்ந்ததும் பாய் வழக்கம்போல நிறுத்தி, கல்லை எடுக்க இறங்கப் போனார்.

"எங்க போறீங்க பாய்? முன் ஜீப் போயிட்டே இருக்கு. ஏறுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

"கல்லு கிடக்குதுங்க மேடம். ஒரு நிமிசமுங்க."

"உங்க ஒரு நிமிசத்துலதான் மூணு நாள் போச்சு."

அவர் கல்லையும் என்னையும் ஒரு தடவை பார்த்தார். கதவைச் சாத்தினார். ஆனாலும் ஐம்பதாவது வளைவில் வேறொரு கல்லுக்கு இறங்கிவிட்டார். ஆறாவது ஓட்டமும் போயிற்று.

மேலே சோளக்காடு என்ற ஊரில் டீ குடிக்க நிறுத்தியபோது என் பொறுமை போய்விட்டது. கடைக்காரர் பார்க்கப் பார்க்கவே கத்தினேன். உங்களுக்குக் கல் பொறுக்கத்தான் வாடகை தருகிறோமா என்று கேட்டேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், "நமக்கு ஒண்ணுமில்லீங்க மேடம், ஜீப்பு ஏறி எறங்கிரும். பின்னால மொபெட்டுல வாரவங்களுக்குத்தானுங்க சிக்கல்."

"பின்னால வர்றவங்களைப் பத்தி எனக்கு என்ன பாய்? நீங்க முன்னால போற ஜீப்பை மட்டும் பாருங்க. இனிமே எதுக்கும் நிறுத்தக் கூடாது."

"சரிங்க மேடம். நீங்க சொன்னாப்புலயே பண்ணறேன்."

சொன்னபடியே செய்தார். இறங்கும்போது எதற்கும் நிறுத்தவில்லை. வளைவுகளில் பெட்டி கத்தினாலும் அடுத்த நொடி முன் ஜீப்பைப் பிடித்துக்கொண்டது. நாற்பது வளைவுக்கு மேல் ஒரு அறுபடல்கூட இல்லை. பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே அறிக்கைக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று மனசுக்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் தடால் என்று ஒரு அடி. முன் ஜீப் எதையோ இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டிப் போயிருக்கிறது. அது மறைத்ததில் பாய்க்குக் கடைசி வரை தெரியவில்லை. எங்கள் முன் சக்கரம் அதில் ஏறியதும் ஸ்டியரிங் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பியது. பள்ளத்துப் பக்கம் போனோம். பாய் என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு வண்டி நின்றது. ஜன்னல் வழியாக மரங்களின் உச்சிதான் தெரிந்தது. அடி விழுகிற வரைக்கும் பெட்டி பச்சையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நின்ற பிறகு, முன் ஜீப் தூரமாகிவிட்டது என்று நீளமாகக் கத்த ஆரம்பித்தது.

பாய் தன் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு, வந்த வழியே மேலே வளைவுக்கு ஓடினார். நானும் இறங்கினேன். எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தப் புத்திகெட்ட ஜென்மம் இப்படி நடு ரோட்டில் கல்லை விட்டுப் போனது, இவர்களை எல்லாம் உள்ளே தள்ள வேண்டும் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே கல்லிடம் போனேன்.

கல் புரண்டு கிடந்தது. அதன் மேல் மஞ்சளாக 6.

நான் எழுதியது. என் கையெழுத்து. அதன் வால் சுழிகூட என்னுடையது.

மேலே பாய் துண்டை ஆட்டி ஒரு மொபெட்டை நிறுத்தியிருந்தார். ஓட்டி வந்தவர், அவர் பின்னால் மனைவி, நடுவில் இரண்டு வயதுக் குழந்தை. வளைவைத் திரும்பினால் நேராக இந்தக் கல்தான். அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கி வந்தார்கள். கல்லைப் பார்த்ததும் அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, நடு ரோட்டுல இப்படியா போட்டுட்டுப் போறது? புள்ள குட்டியோட வாரவங்க என்ன ஆவறதுங்க?"

பாய் என்னைப் பார்க்கவே இல்லை. "நாங்கதானுங்க வெச்சோம். எடுக்காம உட்டுட்டோம். மன்னிச்சுக்கங்க" என்றார்.

நாங்க! காலையில் அதை எடுக்க இறங்கப் போன மனிதர் சொல்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "இல்லீங்க, அவர் எடுக்கத்தான் போனார். நான்தான் வேண்டாம்னு கூப்பிட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மொபெட்டில் வந்த அந்த அம்மா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "சரி உடு கண்ணு, ஒண்ணும் ஆவலைல்ல" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அவர்கள் போன பிறகு பாயும் நானும் சேர்ந்து கல்லை உருட்டி ஓரத்தில் தள்ளினோம். நல்ல கனம்.

கீழே சேந்தமங்கலம் வரும் வரை அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அறிக்கையில், ஓட்டம் அறுந்ததற்குக் காரணம் என்ற கட்டத்தில் "சாலையில் கல்" என்று எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டு, "நான் அகற்றாமல் விட்ட கல்" என்று எழுதினேன். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஒரு வருடம் மேஜை வேலையில்தான் உட்கார்ந்தேன்.

இப்போது நான் ஓட்டுகிற காரில் முன்னால், பக்கத்தில் எல்லாம் கத்துவதற்குக் கருவி இருக்கிறது. ஆனாலும் மலை ரோட்டில் ஒரு கல்லைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் நேரமாகிறது என்று ஹாரன் அடிப்பார். அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்பதெல்லாம் சோளக்காட்டு டீக்கடையில் கத்திய என் குரல்தான்: பின்னால் வருகிறவர்களைப் பற்றி எனக்கென்ன என்று.