வட்டக்கச்சி மீட்டர்களைக் கிளிநொச்சியில் இருந்து பார்த்த கதை

என்னோடு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த கௌசல்யா மே மாதம் ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தா. "எங்கட ஊர் மீட்டரை இப்ப கொழும்பில இருந்தும் வாசிக்கலாம். நம்பாட்டி வந்து பாரும்." அவ்வளவுதான் கடிதம். கீழே ஓர் இணைய முகவரி. திறந்தால் ஒரு வெள்ளைப் பக்கத்தில் வீட்டு இலக்கங்களும் அவற்றுக்கு எதிரே எண்களும். சில நிமிடங்களில் அந்த எண்கள் தாமாகவே மாறின.

நான் கொழும்பில் மீட்டர் விற்கும் ஒரு கொம்பனியில் வேலை செய்கிறேன். எங்கள் பகுதியில் இன்னமும் ஓர் ஆள் படலையைத் தட்டி, நாய்க்குப் பயந்து, எட்டிப் பார்த்துத்தான் மீட்டர் வாசிக்கிறார். அரசாங்க மின்சாரமே எட்டாத வன்னியில் இது எப்படி? 2005 ஜூன் நடுப்பகுதியில் லீவு போட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

கோட்டையில் இருந்து காலை ரயில். இரண்டாம் வகுப்பு, கிட்டத்தட்ட இருநூறு ரூபா. மதியம் கழிந்து வவுனியா. அன்றே தொடரலாம், ஆனால் சோதனைச் சாவடிகள் மாலையில் மூடிவிடும் என்பதால் நகரத்தில் தங்கினேன். அடுத்த நாள் காலை ஓமந்தை வரை பஸ். அங்கே இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபக்கம் போய் இன்னொருமுறை பையைத் திறந்து காட்டி, ஒரு வான் வண்டியில் ஏற வேண்டும். வவுனியாவில் இருந்து கிளிநொச்சி எண்பது கிலோமீற்றருக்குள்தான். இந்த ஏறி இறங்கலோடு எனக்கு முழுசாக ஒரு காலைப்பொழுது போனது. வழியெல்லாம் தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று. வான் சாரதி கண்ணாடியை உயர்த்தச் சொல்லி இரண்டு தரம் சத்தம் போட்டார். உயர்த்தியும் வாயெல்லாம் புழுதி.

கௌசல்யா பஸ் தரிப்பிடத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றா. நகரத்தில் ஒரு கணினி நிலையம் நடத்துகிறா. செய்மதி வழியாக இணையம். அதே கட்டடத்தின் மொட்டைமாடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு நீளக் குழாயின் நுனியைக் காட்டினா. அங்கே மா அரிக்கும் கம்பி அரிதட்டு ஒன்று கிழக்கே பார்த்துக் கட்டப்பட்டிருந்தது.

"இதுதான் அன்ரனா. இன்னொண்டு வட்டக்கச்சியில, ஆலைக்குப் பின்னால இருக்கிற கம்பத்தில. அனுமதி எடுக்கத்தான் நாலு மாசம். கட்டினது ஒரு நாள்," என்றா.

வட்டக்கச்சி அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றர். நடுவில் பெரும்பாலும் வயல். அந்த ஊரில் சங்கமாகச் சேர்ந்து ஒரு டீசல் இயந்திரம் வைத்து, அரிசி ஆலைக்கும் மருந்தகத்துக்கும் முப்பத்தொரு வீட்டுக்கும் மின்சாரம் கொடுக்கிறார்கள். பகலில் சில மணித்தியாலம், பொழுதுபட்டபின் சில மணித்தியாலம். ஒவ்வொரு வீட்டு மீட்டரில் இருந்தும் மெல்லிய வயர் ஒன்று, மின்கம்பி போகும் அதே தூண்களில் ஓடி இயந்திரக் கொட்டிலுக்கு வருகிறது. கொட்டிலில் ஒரு பழைய கணினி. அது கணக்கை எடுத்து அரிதட்டு வழியாக நகரத்துக்கு அனுப்ப, நகரத்தில் இருந்து உலகத்துக்கே போகிறது. நிரலை எழுதியது ரொறன்ரோவில் இருக்கும் அவாவின் மச்சான். எனக்குப் பொறாமையே வந்துவிட்டது. எங்கள் கொம்பனி இதையே செய்வதென்றால் முதலில் ஒரு கூட்டம் போடும்.

மறுநாள் மத்தியானம் கணினி நிலையத்தில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கௌசல்யா திரையில் எனக்கு ஒரு விஷயம் விளங்கப்படுத்தினா. ஊருக்குப் போகும் கம்பியின் தொடக்கத்தில் ஒரு பெரிய மீட்டர் இருக்கிறது. எல்லா வீடுகளின் எண்களையும் கூட்டினால் அந்தப் பெரிய மீட்டரோடு ஏறத்தாழ ஒத்துவர வேண்டும். கதைத்துக்கொண்டே திரையைப் பார்த்தவா, பேச்சை நிறுத்தினா.

"கடைசி ஏழு வீடும் அசையேல்லை."

"கரண்ட் நிண்டிருக்கும்," என்றேன்.

"நிண்டா பெரிய மீட்டரும் மெதுவா ஓட வேணுமெல்லோ. அது முந்தியைவிட வேகமா ஓடுது."

எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. ஏழு வீட்டுக்கும் மின்சாரம் போகவில்லை. ஆனால் கம்பியில் முன்பைவிடக் கூடப் போகிறது. வீட்டுக்குப் போகாத மின்சாரம் நிலத்துக்குத்தான் போகும். எங்கோ கம்பி அறுந்து விழுந்திருக்கிறது, மின்சாரத்தோடு.

கொட்டிலில் தொலைபேசி இல்லை. அந்தக் கணினியால் எண்களை அனுப்ப மட்டும்தான் முடியும், இங்கிருந்து எதையும் நிறுத்த முடியாது. கௌசல்யா கையைக்கூடக் கழுவவில்லை. மோட்டார் சைக்கிளின் பின்னால் நான் ஏறினேனா, அவா இழுத்தாவா தெரியாது. கிரவல் றோட்டில் புழுதிக் காற்று. நான் பாட்டுக்கு, பெரிதாக ஒன்றும் இருக்காது, சுருண்டு எங்காவது புல்லில் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவா ஒரே ஒரு வசனம் சொன்னா: "இப்ப களை பிடுங்கிற நேரம். வயலெல்லாம் தண்ணி."

அதைக் கேட்டபின் நானே இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

இயந்திரக் கொட்டில் ஊரின் முகப்பிலேயே இருக்கிறது. இயந்திரத்தைப் பார்ப்பவர் பரமசிவம் அண்ணை, யாழ்ப்பாணப் பக்கம் இருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்த குடும்பம். ஆலைச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கௌசல்யா அவருடைய காதுக்குள்ளேயே கத்தினா.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

"நெல்லுப் போட்டிருக்குப் பிள்ளை. ஒரு அஞ்சு நிமிசம்..."

"கடைசிப் பக்கத்துக் கம்பி அறுந்துபோச்சு அண்ணை!"

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவேயில்லை. ஒரே எட்டில் போய் இயந்திரத்தை நிறுத்தினார். ஆலை இழுத்து இழுத்து ஓய்ந்தது. மூவரும் கம்பியைப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் ஓடினோம்.

கடைசித் தூணுக்கு முந்தின தூணடியில் தென்னை மட்டை ஒன்று காற்றில் விழுந்திருந்தது. கம்பி அறுந்து, வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலுக்குள் கிடந்தது. வாய்க்காலுக்குள் ஒரு பெண் முழங்காலளவு தண்ணீரில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நின்றா. வரம்பில் இன்னும் நாலைந்து பெண்கள், சிரித்துக்கொண்டு.

"இராசம்மாக்கா!" என்று கௌசல்யா போட்ட சத்தம் அழுகை மாதிரி இருந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தா. கையில் ஜப்பான் மீன் என்கிற திலாப்பியா, மடியில் இன்னும் மூன்று. "என்ன பிள்ளை, பேயைக் கண்ட மாதிரி ஓடி வாறாய்? மீன் தானா மிதக்குது, வந்து பார். சாப்பிட்டிட்டு வந்து, ஆலைச் சத்தம் ஓய்ஞ்ச பிறகு இப்பத்தான் இறங்கினனான்."

பரமசிவம் அண்ணை தண்ணீருக்குள் கிடந்த கம்பியைக் கையால் காட்டினார். இராசம்மாக்கா அதைப் பார்த்தா. மிதந்த மீன்களைப் பார்த்தா. மெல்ல, மிக மெல்ல, வாய்க்காலை விட்டு ஏறினா. வரம்பில் சிரித்துக்கொண்டு நின்றவர்கள் ஓடிவந்து அவாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கௌசல்யா அப்படியே வரம்பில் குந்திவிட்டா. இராசம்மாக்கா ஈரக் கையோடு அவாவின் தலையைத் தடவி, பக்கத்தில் இருந்தா. பிறகு கேட்டா: "அப்ப பிள்ளை, இந்த மீனைத் தின்னலாமோ?"

"தின்னலாம் அக்கா," என்று சொல்லத் தொடங்கிய கௌசல்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்று பின்னேரம் கம்பியைக் கட்டி முடிக்கும்வரை ஊரே கூடி நின்றது. மட்டை விழக்கூடிய தென்னைகள் எவை என்று பார்த்து, அன்றைக்கே நாலு மரம் ஏறி மட்டைகளை வெட்டினார்கள். நான் கௌசல்யாவிடம் நீர் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டீர் என்றேன். அவாவுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை.

"நான் அந்த நேரம் திரையைப் பாத்தது தற்செயல். பாண் வாங்கப் போயிருந்தா? கொட்டிலிலயே அது கத்த வேணும். இனி அதுதான் வேலை."

இரண்டு கிழமை கழித்து மின்னஞ்சல் வந்தது. வீடுகளின் கூட்டுத்தொகையும் பெரிய மீட்டரும் ஒத்துவராவிட்டால் கொட்டில் கணினி ஒரு பழைய லொறி ஹோர்னை அடிக்கும்படி செய்துவிட்டார்களாம். பரீட்சித்துப் பார்த்தபோது பரமசிவம் அண்ணை கதிரையில் இருந்து விழுந்துவிட்டாராம். இப்போது சத்தத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள்.

இத்தனை காலமும் மீட்டர் என்றால் எனக்குக் கட்டணம்தான். ஓர் ஊர் முழுவதும் நலமாக இருக்கிறதா என்று எட்டுக் கிலோமீற்றர் தள்ளியிருந்து நாடி பிடித்துப் பார்க்கும் கருவி அது என்பதை ஒரு சின்ன நகரத்து மொட்டைமாடியில்தான் கண்டேன். வசதி குறைந்த இடத்தில் இருந்துகொண்டு வசதி உள்ளவர்களுக்கு முன்னால் போய்விட்ட மனிதர்கள் இவர்கள்.

போக நினைப்பவர்களுக்கு: அடையாள அட்டையை மறக்க வேண்டாம். பற்றரி, வயர், இலத்திரனியல் சாமான் எதையும் முன்கூட்டிய அனுமதி இல்லாமல் கொண்டுபோக வேண்டாம், சாவடியிலேயே நாள் போய்விடும். சோளகக் காலத்தில் முகத்தைச் சுற்ற ஒரு துவாய் கட்டாயம். கிளிநொச்சியில் தங்குமிடங்கள் சில உண்டு, முதலே சொல்லிவையுங்கள். வீதியோரத்தில் சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடிகூட வைக்காதீர்கள், கண்ணிவெடி இன்னும் முழுதாக எடுபடவில்லை. வட்டக்கச்சிக்கு நகரத்தில் இருந்து பஸ் குறைவு. ஓட்டோ பிடித்தால் திரும்பிவரவும் சேர்த்தே பேசுங்கள்.

இதை எழுதும்போது அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். வட்டக்கச்சியில் பொழுதுபட்டு இயந்திரம் ஓடத் தொடங்கியிருக்கிறது. கடைசியிலிருந்து மூன்றாவது இலக்கம் இராசம்மாக்காவின் வீடு. அதன் எண் இப்போது ஒன்று கூடியது. விளக்கைப் போட்டிருக்கிறா.