அலோகா சமைக்காத ராணி மீன்

எங்கள் வங்காளத்து மாதாபாங்காவில் தொட்டியில் மீன் வளர்ப்பது பெரிய விஷயமில்லை. சாப்பிடுகிற மீனைத் தொட்டியில் வளர்ப்பதுதான் கிறுக்கு. என் பக்கத்து வீட்டு அலோகாவுக்கு அந்தக் கிறுக்கு பிடித்து வருஷங்கள் ஆகின்றன. பஸ் ஸ்டாண்டில் உருளைக்கிழங்கு போண்டா மாதிரி ஆலூ சாப் பொரித்து விற்கிறவள் அவள். வீட்டில் டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தொட்டி. அதன் அடியில் விரல் நீளத்துக்கு, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ராணி மீன்கள். மான்சாய் ஆற்று வலையில் விழுந்தால் நாங்களெல்லாம் கடுகு அரைத்துக் குழம்பு வைப்போமே, அதே மீன்.

முதலில் வாங்கியவை செத்துப்போயின. கடைக்காரன் தந்த கூரான உடைகல்லை அடியில் பரப்பியிருந்தாள். இந்த மீன் தரையைத் துழாவித்தான் தின்னும். கல்லில் உரசி உரசி மீசையெல்லாம் தேய்ந்துவிட்டது.

"விடு, இது குழம்புக்குப் பொறந்த மீன்," என்றேன்.

"நீங்க வாயை மூடுங்க தீதி," என்று அக்கா முறை வைத்தே திட்டிவிட்டு ஆற்றுக்குப் போனாள். பொடி மணலாக அள்ளி வந்து சலித்து, கழுவி, மறுபடியும் தொடங்கினாள். எண்ணெய்க் கை தண்ணீரில் படக்கூடாதாம். கடையிலிருந்து வந்ததும் கடலைமாவு போட்டு முழங்கை வரை தேய்ப்பாள். ராணி மீன் சில நேரம் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துத் தூங்கும். அதைப் பார்த்து, "ஐயோ, செத்துடுச்சு!" என்று நான் ஒருமுறை கத்தி, அவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

போன குளிர்காலத்தில் மகள் ஜூதிகாவைக் கூச்பிஹாரில் கட்டிக்கொடுத்தாள். ஆனி வந்தது, மாப்பிள்ளைக்கு மாமியார் விருந்து வைக்கிற ஜாமாய் ஷஷ்டியும் வந்தது. முதல் வருஷம் வேறு. சம்பந்தியம்மா போனில், "எங்க சுபலுக்கு ராணி மீன்னா உயிரு. உங்க ஊர் ஆத்து மீனாச்சே, வைக்காம இருப்பீங்களா?" என்றார். கேட்பது போலத்தான் இருந்தது. ஆனால் அது உத்தரவு.

மலையில் மழை பெய்து ஆறு கலங்கிப் புரண்டது. யாரும் வலை போடவில்லை. விருந்துக்கு முதல் நாள் அலோகா ஒவ்வொரு சந்தையாக அலைந்தாள். இலிஷ் கிடைத்தது, இறால் கிடைத்தது, பாப்தா, சீத்தல் மீன்களும் கிடைத்தன. ராணி மட்டும் கிடைக்கவில்லை.

டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவை ஓட்டிவிட்டு வந்த அவள் புருஷன் புலின் தொட்டியைப் பார்த்தான். "வீட்டுக்குள்ளயே ஒரு சட்டிக்கு இருக்கு. ஊரெல்லாம் எதுக்குச் சுத்துறே?"

"இது கறி இல்ல."

அப்போதுதான் வந்து இறங்கிய ஜூதிகா அழுதுவிட்டாள். "சமைச்சிடு மா. உனக்கென்ன, நான்தானே அந்த வீட்டுல இருக்கணும். வருஷம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. ஒரு மீனுக்காக என்னை அவமானப்படுத்துவியா?"

நானும் பெண் பக்கம்தான் பேசினேன். பெண்ணைப் பெற்றவள் இவ்வளவு முரண்டு பிடிக்கலாமா என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

அலோகா கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "இங்க பாரு. அவங்களுக்கு ஆசைங்கிறதுக்காக, என் கையில தின்னு வளர்ந்ததை அறுத்து வைக்க மாட்டேன். இன்னிக்கு மீனைக் கேக்குறாங்க. நாளைக்கு உன்னையே ஏதாவது பண்ணச் சொன்னா, அப்பவும் மாட்டேன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நான். அழறதுன்னா அழு."

ஜூதிகா எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கடுகு அரைக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் சுபல் வந்தான். அலோகா அவனுக்கு மஞ்சள் நூல் கட்டி, விசிறிவிட்டு, இலையில் நாலு வகை மீன் வைத்தாள். அவன் நல்ல பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனுடைய அம்மாவிடமிருந்து போன். கையெல்லாம் குழம்பு, அதனால் ஸ்பீக்கரில் போட்டான்.

"ராணி மீன் எப்படிடா இருந்துச்சு?"

சுபல் இலையைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். புலின் நைசாக வாசலுக்கு நழுவினான். அலோகா விசிறியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். அதற்குள் ஜூதிகா போனை எடுத்துவிட்டாள்.

"நான்தான் மா பேசுறேன். ராணி மீன் வைக்கல. எங்க வீட்டுல இருக்கிறது அம்மா வளர்க்கிறது. சமைக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

"சரி, சாப்பிட்டு வாங்க," என்று சொல்லி சம்பந்தியம்மா போனை வைத்துவிட்டார்.

அலோகாவின் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் அவள் வாய் சும்மா இருக்குமா? மகள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்:

"நீ எப்போடி சொன்னே?"

"இப்பத்தான்," என்றாள் ஜூதிகா.