முத்தையன் அத்தான் மீன் சாப்பிட்ட நாள்

காரைக்காலில் எந்தக் கடையில் எந்த நேரத்துக்கு எது சூடாகக் கிடைக்கும் என்று என் அக்கா மலர்க்கொடியின் வீட்டுக்காரர் முத்தையன் அத்தானுக்குத் தெரியும். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து கடலுக்குப் போன காலத்திலேயே, மீனை ஏலத்தில் விட்ட கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிடுவார். "ஒன் புருசன் கடலுக்குப் போறதே டவுன்ல போயி திங்கத்தான்டி" என்று அக்காவைக் கேலி செய்வார்கள். 2007இல் புதுச்சேரிக் கம்பெனி ஒன்று, வெளிநாட்டுக்காரர்களைத் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போய் ஊர்ச் சாப்பாட்டைக் காட்ட ஆள் தேடியபோது, கேட்ட இடத்திலெல்லாம் அவர் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போது அவர் கடலுக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வெகுதூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுமே தெரியவில்லையாம். அக்கா டவுன் மார்க்கெட்டில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ஏழு வயது வினிதா கரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். அத்தான் படகு நிறைய மீனோடு திரும்பினார். இறக்கிவைக்கக் கரையில் ஆள் இல்லை. வினிதா கடைசி வரை கிடைக்கவில்லை.

இரண்டு பேரும் அரசலாற்றங்கரையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கொஞ்ச மாதம் ஊரில் யாருமே மீன் வாங்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வாங்கினார்கள். அக்காவும் சாப்பிட்டாள். அத்தான் மட்டும் தொடவில்லை. அக்கா தினமும் அவர் தட்டில் ஒரு துண்டு வைப்பாள். அவர் அதை உடையாமல் எடுத்து என் தட்டில் வைத்துவிடுவார். ஒரே ஒரு தரம்தான் அதைப் பற்றிப் பேசினார்கள்.

"அவள எது தின்னுச்சுன்னு எனக்குத் தெரியுமா மலரு?"

"தெரியாதுங்க. அதுக்காக நாம வாயக் கட்டிக்கிட்டா அவ வந்துடுவாளா?"

மற்றபடி அவர் பேசுவதையே விட்டிருந்தார். கம்பெனிக்காக அந்தச் சாப்பாட்டு நடை தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தார். சனிக்கிழமைகளில் ஏழு மணிக்கு அம்மையார் கோவில் பக்கம் இட்லி, அங்கிருந்து மாதா கோவில் தெருவில் நீள ரொட்டி, பிறகு பள்ளிவாசல் தெருவில் ரோஷன் பேகத்தின் கடையில் அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்த வாடாவும் ரவையும் முட்டையும் நெய்யும் போட்ட தம்ரூட்டும். கடைசியாக எங்கள் வீட்டில் அக்கா கையால் கொடுவா மீன் குழம்பு. இலை போடுவது என் வேலை. அவர் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்ல ஜெயப்ரியா என்ற பெண் புதுச்சேரியிலிருந்து வருவாள். வினிதாவைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வந்தவர்கள் தங்களோடு மீன் சாப்பிடக் கூப்பிட்டால் அத்தான் விரதம் என்பார். சனீஸ்வரனுக்கு விரதம், கிருத்திகை விரதம், மாலை போட்டிருக்கிறேன். ரோஷன் பேகம் விடமாட்டார். "வாங்க மீன்காரரே! மீன மட்டும் திங்காத மீன்காரரே!" என்று சத்தமாகக் கூப்பிட்டு, வாடாவை மற்றவர்களுக்கு நீட்டிவிட்டு, அவர் கையில் மட்டும் தம்ரூட்டை வைப்பார். பேகத்துக்கு விஷயம் தெரியும்.

2008 தையில் ஆறு பேர் வந்தார்கள். அதில் வயதான அம்மா ஒருவர் வழியெல்லாம் அத்தானையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். இலையில் குழம்பு விழுந்ததும் ஜெயப்ரியாவிடம் ஏதோ கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அண்ணே, இவங்க சிநேகிதி கார்த்திகையில வந்தப்பவும் விரதம்னு சொன்னீங்களாம். இட்லி சாப்பிட்டாரு, ரொட்டி சாப்பிட்டாரு, மீன மட்டும் ஏன் தொடலைன்னு கேக்குறாங்க. மீன் நல்லதுதானான்னு..."

ஆறு கைகளும் இலையை விட்டு விலகின. அக்கா கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். அந்தக் கொடுவாவுக்காக விடிவதற்கு முன்பே போய்க் காத்திருந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி வந்திருந்தாள்.

"காலையில துள்ளுன மீனும்மா. சொல்லும்மா அவங்ககிட்ட."

ஜெயப்ரியா சொன்னாள். யாரும் கை வைக்கவில்லை. அக்காவின் முகம் சிறுத்துப்போனது.

அத்தான் அதைப் பார்த்தார். வரிசைக் கடைசியில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு எலை போடு" என்றார் என்னிடம். அக்கா அசையவில்லை. நான்தான் இலை போட்டுப் பரிமாறினேன். அவர் முள்ளை எடுத்தார், சோற்றோடு பிசைந்தார், வாயில் வைத்தார். வெகுநேரம் மென்றார்.

"அருமையா இருக்குன்னு சொல்லும்மா" என்று ஜெயப்ரியாவைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினார்கள். அந்த அம்மா போகும்போது அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு அத்தான் கொல்லையில் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். அக்கா பின்னால் போய் நின்றாள்.

"மூணு வருசமா ஒரு துண்டு வெச்சுக்கிட்டு இருக்கேன். என் மொகத்துக்காக ஒரு நாள் வாயில வெச்சீங்களா?"

"ஒனக்காகத்தான் மலரு தின்னேன். ஒன் கொழம்ப அப்படியே போட்டுட்டு அவங்க எந்திரிச்சுப் போனா..."

"போவட்டுமே. ஒரு சட்டி கொழம்பு. ஆத்துல ஊத்திட்டுப் போறேன்." அக்கா இன்னும் கிட்டே வந்தாள். "நீங்க ஒருத்தர் திங்காம இருக்கீங்களேங்கிற தைரியத்துலதாங்க நான் தின்னேன். பெத்தவ நான் தின்னேன். இப்ப அவளுக்குன்னு யாரு இருக்கா?"

அத்தான் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

புதன்கிழமை ஜெயப்ரியா போன் செய்தாள். வருகிற சனிக்கிழமை எட்டுப் பேர். அத்தான் "சரிம்மா" என்று வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மீனு வாங்கணும்னு ஒன் அத்தான்கிட்ட கேளுடி" என்றாள் என்னிடம்.

அவர் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன்.

"கொடுவாவே வாங்கச் சொல்லு" என்றார்.

சனிக்கிழமை அவர் எட்டுப் பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கடுத்த சனிக்கிழமையும்.